பேட்டரி தீர்ந்த பிறகும் ஓட்டிப் பாருங்கள்: ப்ளக்-இன் ஹைப்ரிட் சொகுசு எஸ்யூவியைச் சோதித்து வாங்கும் முறை

ப்ளக்-இன் ஹைப்ரிட் என்பது பெட்ரோல் எஞ்சினோடு, பிளக்கில் மாட்டிச் சார்ஜ் செய்யும் பேட்டரியும் மின்மோட்டாரும் கொண்ட வண்டி. அத்தகைய எஸ்யூவியின் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சாகும் எண்கள் எல்லாம் பேட்டரி நிறைந்திருக்கும் வண்டிக்கு உரியவை. குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரம், லிட்டருக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் என்று கண்ணைப் பறிக்கும் மைலேஜ் ஆகிய மூன்றும் அப்படித்தான். பேட்டரி தீர்ந்ததும் அதே வண்டி வேறொரு வண்டியாக மாறிவிடுகிறது. அந்த இரண்டாவது வண்டியைப் பற்றி விற்பனையாளர் தாமாக எதுவும் சொல்ல மாட்டார். ஆகவே இந்த வகை வண்டியை வாங்க நினைப்பவர் நிறைந்த பேட்டரியோடு ஒரு முறையும், தீர்ந்த பேட்டரியோடு ஒரு முறையும் ஓட்டிப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது, எதைக் கவனிப்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

உதாரணத்துக்கு மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். லெக்ஸஸ் என்எக்ஸ் 450எச்+, வோல்வோ எக்ஸ்சி60 டி8, மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்சி 350இ (ஐரோப்பாவில் இதன் பெயர் 300இ) ஆகிய மூன்றும் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஒரே வாடிக்கையாளரைக் குறிவைத்து விற்கப்படுபவை. இவற்றின் உள்ளமைப்போ ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்டது. நான்கு மீட்டர் எழுபது சென்டிமீட்டர் நீளமுள்ள வண்டியை ‘காம்பாக்ட்’ என்று அழைப்பது அமெரிக்க வழக்கம். சென்னைத் தெருவில் அதை நிறுத்த இடம் தேடியவர் யாரும் அப்படி அழைக்க மாட்டார்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன்

முதலில் உங்கள் வீட்டில் வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அலுவலகத்திலும் வசதி இல்லையென்றால், இந்த வகை வண்டியை விட்டுவிடுவதே நல்லது. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வதற்குக் காரணம் லெக்ஸஸ் நிறுவனமே விற்கும் என்எக்ஸ் 350எச் என்ற, பிளக்கில் மாட்டத் தேவையில்லாத சாதாரண ஹைப்ரிட். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் அது காலனுக்கு 39 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 16.6 கிலோமீட்டர் தருகிறது. சார்ஜ் செய்யாமல் ஓட்டப்படும் 450எச்+ காலனுக்கு 36 மைல்தான், அதாவது லிட்டருக்குச் சுமார் 15.3 கிலோமீட்டர்தான் தரும். சார்ஜ் போடாதவர் அதிக விலை கொடுத்து, கனமான பேட்டரியை வீணாகச் சுமந்து, குறைந்த மைலேஜைப் பெறுகிறார்.

அடுத்து, ஒரு சாதாரண வாரத்தில் நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்று ஓடோமீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மனக்கணக்கு பெரும்பாலும் தவறாகவே இருக்கும். அந்தத் தூரத்தை வண்டி மின்சாரத்தில் மட்டும் ஓடும் தூரத்தோடு ஒப்பிட வேண்டும். ஆனால் அந்தத் தூரத்துக்கு இரண்டு விதமான எண்கள் புழக்கத்தில் உள்ளன. ஜிஎல்சிக்கு டபிள்யூஎல்டிபி என்ற ஐரோப்பிய ஆய்வகச் சோதனை முறையில் சுமார் 130 கிலோமீட்டர் வரை சொல்கிறார்கள். அமெரிக்க முகமையோ 54 மைல், அதாவது 87 கிலோமீட்டர் என்கிறது. லெக்ஸஸுக்கு ஐரோப்பிய எண் எழுபதை ஒட்டியும் அமெரிக்க எண் 60 கிலோமீட்டராகவும், வோல்வோவுக்கு அமெரிக்க எண் ஐம்பத்தைந்துக்குச் சற்று மேலாகவும் இருக்கின்றன. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அமெரிக்க எண்ணையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். ஹைவே வேகத்தையும் ஏசி, ஹீட்டர் செலவையும் அதுதான் ஓரளவு நேர்மையாகக் கணக்கில் எடுக்கிறது. டொராண்டோ போன்ற ஊரில் ஜனவரி மாதக் கணக்குக்கு அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது பாதுகாப்பானது.

சார்ஜ் ஆகும் நேரத்தைப் பேட்டரியின் யூனிட் (கிலோவாட்-மணி) அளவை வைத்து நீங்களே கணக்கிட்டுவிடலாம். வட அமெரிக்க வீடுகளின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் மணிக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஏறும். வோல்வோ அதில் முழுவதும் நிரம்ப 12 மணி நேரம் ஆகும் என்பதால் இரவு முழுக்க மாட்டிவைத்தால் காலைக்குத் தயாராகிவிடும். ஏறத்தாழ 25 யூனிட் பயன்படு கொள்ளளவு கொண்ட ஜிஎல்சிக்கு அந்தப் பிளக் போதாது. 240 வோல்ட் சார்ஜர் பொருத்தும் செலவையும் வண்டி விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜிஎல்சியில் பொதுச் சார்ஜர்களில் நேர்மின்சாரத்தில் விரைவாக நிரப்பும் 60 கிலோவாட் டிசி வேகச் சார்ஜ் வசதி உண்டு, அரை மணி நேரத்தில் பெரும்பகுதி நிறைந்துவிடும். லெக்ஸஸிலும் வோல்வோவிலும் அது இல்லை. எனினும் இந்த ஒரு வசதிக்காக ஜிஎல்சியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏனென்று செலவுக் கணக்கில் தெரியும்.

குதிரைத்திறனைப் படிப்பது எப்படி

எஞ்சினின் திறனையும் மோட்டாரின் திறனையும் கூட்டினால் மொத்தத் திறன் வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வோல்வோவில் அது ஏறத்தாழ உண்மை: முன் சக்கரங்களை இயக்கும் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் 310 குதிரைத்திறனுக்குச் சற்று மேலும் கீழும், பின் சக்கரங்களை இயக்கும் மோட்டார் சுமார் 145, இரண்டும் சேர்ந்து 455. லெக்ஸஸில் கணக்கு வேறு. 136 கிலோவாட் எஞ்சின், 134 கிலோவாட் முன் மோட்டார், 40 கிலோவாட் பின் மோட்டார் என்று கூட்டினால் 310 கிலோவாட் வர வேண்டும். நிறுவனம் சொல்லும் மொத்தமோ 227 கிலோவாட்தான். பேட்டரி ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரத்தை வெளியே விட முடியும் என்பது அங்கே வரம்பாக நிற்கிறது. தவிர, எஞ்சினின் ஒரு பகுதி உழைப்பு எப்போதும் மின்வழியாகவே சக்கரத்துக்குப் போகும்படி அதன் கியர் அமைப்பு இருக்கிறது.

இந்த வேறுபாடு ஓட்டும்போது தெரியும். வோல்வோ நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.9 வினாடியில் தொடுகிறது, லெக்ஸஸுக்கு 6.3 வினாடியும், 313 குதிரைத்திறன் கொண்ட ஜிஎல்சிக்கு 6.7 வினாடியும் ஆகின்றன. இரண்டாயிரம் கிலோவைத் தாண்டிய குடும்ப வண்டிக்கு இவற்றில் எந்த நேரமும் தாராளமே. ஆகவே வினாடிகளை விட்டுவிட்டு, அந்த வேகம் எத்தனை முறை திரும்பத் திரும்பக் கிடைக்கும் என்று பாருங்கள்.

முதல் ஓட்டம்: பேட்டரி நிறைந்திருக்கும்போது

முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, முழுவதும் சார்ஜ் செய்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள். ஷோரூம் டெமோ வண்டிகள் பலவும் சார்ஜ் இல்லாமல்தான் நிற்கும். அதுவே ஒரு செய்தி என்றாலும், இந்த ஓட்டத்துக்கு நிறைந்த பேட்டரி வேண்டும்.

மின்சார முறையில் வைத்து முதலில் ஊருக்குள் ஓட்டுங்கள். சிக்னலில் கிளம்பும்போதும், முப்பதிலிருந்து அறுபதுக்குப் போகும்போதும் பிக்கப் போதுமானதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஹைவேயின் ஏறுபாதைக்குப் போங்கள். அங்கேதான் மூன்று வண்டிகளும் தத்தம் குணத்தைக் காட்டும். லெக்ஸஸில் இவி எனப்படும் மின்சார முறையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும், பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை, வழக்கமான வானிலையில் எஞ்சின் உயிர்பெறாது. 135 கிலோமீட்டர் வேகம்வரை மின்சாரத்திலேயே போகும். வோல்வோவின் கருவிப்பலகையில் திறன்மானியின் மேல் ஒரு மின்னல் குறியும் ஒரு துளிக் குறியும் இருக்கும்; முள் துளியைத் தொடும் இடத்தில் எஞ்சின் கிளம்பும். கண்ணைச் சாலையில் வைத்திருக்க வேண்டிய நேரத்தில் அந்தத் துளியைக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் மெர்சிடிஸ் அதைக் காலுக்குச் சொல்கிறது: ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் சிறு தடை தட்டும், அதைத் தாண்டி அழுத்தினால் மட்டுமே பெட்ரோல் செலவாகும். மூன்றில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

எஞ்சின் குளிர்ந்த நிலையிலிருந்து நேராக ஹைவே வேகத்தில் கிளம்பும் அந்தக் கணத்தை வேண்டுமென்றே ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள். அதிர்வு இருக்கையில் தெரிகிறதா, வண்டி ஒரு நொடி தயங்கிப் பிறகு துள்ளுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். லெக்ஸஸில் படிகளாகக் கியர் மாறுவது இல்லை என்பதால் துள்ளல் குறைவு. ஆனால் முழுவேகம் கேட்டால் எஞ்சின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டே இருக்கும். ஒன்பது கியர் கொண்ட ஜிஎல்சியில் அந்த இரைச்சல் இல்லை. மோட்டார் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையில் இருப்பதால் எஞ்சின் இணையும்போது சில நேரம் மெல்லிய உதறல் தெரியும்.

பிரேக்கையும் இங்கேயே சோதியுங்கள். வேகம் குறையும்போது மோட்டார் மின்சாரத்தைத் திரும்ப எடுப்பதால் பிரேக் மிதி ஒரே சீராக இருப்பதில்லை. நெரிசலில் ஊர்ந்து நிற்கும் கடைசி இரண்டு மீட்டரில் இதை நன்றாக உணரலாம். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பேட்டரி முழுவதும் நிறைந்திருந்தால் திரும்ப எடுக்கும் மின்சாரத்துக்கு இடமில்லை. மலைமேல் இருக்கும் விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் செய்துவிட்டுக் காலையில் இறங்குபவருக்கு அந்தத் தடுப்பு விசை குறைவாகக் கிடைக்கும். மலைவாசிகள் எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது ஓட்டம்: பேட்டரி தீர்ந்த பிறகு

விற்பனையாளர் இதற்குச் சிணுங்கக்கூடும். முதல் ஓட்டத்தை நீட்டித்துப் பேட்டரியைத் தீர்ப்பது ஒரு வழி. அது முடியாவிட்டால், நாள் முழுதும் பலர் ஓட்டிய வண்டியை மாலையில் கேட்டு வாங்குவது எளிது. திரையில் மின்சாரத் தூரம் சுழியம் என்று காட்டினாலும் பேட்டரி முற்றிலும் காலியாவதில்லை. ஹைப்ரிட்டாக இயங்குவதற்காக ஒரு சிறு இருப்பை வண்டி எப்போதும் வைத்துக்கொள்ளும். உங்கள் சோதனை அந்த இருப்பின்மேல்தான்.

நல்ல ஏற்றமுள்ள சாலையைத் தேர்ந்தெடுத்து, குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு, எண்பதிலிருந்து நூற்றிருபதுக்கு இடைவெளி குறைவாக மூன்று நான்கு முறை வேகம் கூட்டுங்கள். முதல் தடவை மோட்டார் கைகொடுக்கும். மூன்றாவது தடவை இருப்பு கரைந்திருக்கும். அப்போது உங்களை இழுப்பது எஞ்சின் மட்டுமே. வோல்வோவின் எஞ்சின் தனியாகவே முந்நூறுக்கு மேற்பட்ட குதிரைத்திறன் கொண்டது என்பதால் அங்கே பெரிய குறை தெரியாது. ஜிஎல்சியின் எஞ்சின் சுமார் 204 குதிரைத்திறன். தனியாக இழுக்கும்போது பேட்டரியின் பாரம் தெரிந்துவிடும். லெக்ஸஸின் எஞ்சினில் டர்போ கிடையாது. அது இரைந்தாலும், அதன் அமைப்பு அடிப்படையிலேயே ஹைப்ரிட்டாக ஓடுவதற்கென்று பல ஆண்டுகள் தேய்த்துத் தேய்த்துச் செப்பனிடப்பட்டது என்பதால் தடுமாற்றம் மிகக் குறைவு.

நான்கு சக்கர இழுவையையும் இப்போதே பார்க்க வேண்டும். வோல்வோவிலும் லெக்ஸஸிலும் எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே தண்டு எதுவும் கிடையாது; பின் சக்கரம் முழுக்க முழுக்க மின்சாரத்தில்தான் சுழல்கிறது. பேட்டரி தீர்ந்தால் பின் இழுவை போய்விடுமோ என்ற அச்சம் வேண்டியதில்லை, எஞ்சினோடு இணைந்த ஜெனரேட்டர் அதற்குத் தேவையான மின்சாரத்தைத் தரும். ஆனால் ஜிஎல்சியில் எஞ்சினின் விசை தண்டு வழியாகவே பின்னுக்கும் முன்னுக்கும் போகிறது. பனியும் சேறும் நிறைந்த பாதையில் நெடுநேரம் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். தார்ச்சாலையை விட்டு இறங்காதவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

தீர்ந்த நிலையில் மைலேஜ் என்ன என்பதையும் டிரிப் மீட்டரைச் சுழியமாக்கிவிட்டுப் பாருங்கள். அமெரிக்க மதிப்பீட்டில் லெக்ஸஸ் லிட்டருக்குப் பதினைந்தைத் தாண்டும்போது வோல்வோ ஏறத்தாழ பன்னிரண்டில் நிற்கிறது, ஜிஎல்சி அதற்கும் கொஞ்சம் கீழே. நெடுந்தூரம் அடிக்கடி போகிறவர் லெக்ஸஸ் பக்கம் சாய்வதும், நாள்தோறும் எழுபது எண்பது கிலோமீட்டர் போய்வந்து வீட்டில் சார்ஜ் செய்பவர் ஜிஎல்சி பக்கம் சாய்வதும் இதனால்தான் நியாயமாகிறது. வோல்வோ வேகத்துக்காக வாங்க வேண்டியது.

ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டாவது ஓட்டத்தின் முக்கியத்துவத்தை எண்ணில் காட்டுகிறது. வண்டிகளிலேயே பதிவாகும் எரிபொருள் கணக்கைத் திரட்டிப் பார்த்ததில், ப்ளக்-இன் ஹைப்ரிட்டுகள் சாலையில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு ஆய்வகக் கணக்கைப் போலச் சராசரியாக மூன்றரை மடங்கு இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு உரிமையாளர்கள் சார்ஜ் செய்வதில்லை என்பதே முதன்மைக் காரணம்.

ஓட்டும் முறைகளைப் பயன்படுத்துவது

வண்டியைத் தானியங்கி முறையில் விட்டால் முதல் அறுபது கிலோமீட்டரில் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். முந்நூறு கிலோமீட்டர் பயணத்தில் இது வீண். ஹைவேயில் எஞ்சினே திறமையாக இயங்கும் என்பதால், அங்கே சார்ஜைச் சேமிக்கும் முறைக்கு மாற்றிவிட்டு, ஊருக்குள் நுழைந்ததும் மின்சாரத்துக்கு மாறுவது நல்லது. மெர்சிடிஸில் நேவிகேஷனில் சேருமிடத்தைக் கொடுத்துவிட்டால் இதை வண்டியே ஓரளவு பார்த்துக்கொள்ளும். எஞ்சினை வைத்தே பேட்டரியை நிரப்பும் முறையும் சில வண்டிகளில் உண்டு. போகும் ஊரில் மின்சாரத்தில் ஓட்டியே தீர வேண்டிய கட்டாயம் இருந்தாலன்றி அதைத் தொடாதீர்கள். பெட்ரோலை எரித்து மின்சாரமாக்கி, அதை மறுபடி இயக்கமாக்குவதில் ஒவ்வொரு கட்டத்திலும் இழப்பு இருக்கிறது.

குளிர்நாட்டில் இருப்பவர் வண்டி பிளக்கில் இருக்கும்போதே செயலியின் வழியாகக் கேபினைச் சூடாக்கிவிட வேண்டும். கடுங்குளிரில் லெக்ஸஸ், குறைந்த மின்சாரத்தில் கேபினைச் சூடாக்கும் ஹீட் பம்ப் இருந்தும், ஹீட்டருக்காகவே எஞ்சினை ஓட்டும். வண்டி பழுதாகிவிட்டது என்று சர்வீஸ் மையத்துக்கு ஓட வேண்டியதில்லை.

செலவுக் கணக்கு

அமெரிக்க மதிப்பீட்டின்படி லெக்ஸஸ் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 25 யூனிட் மின்சாரம் அல்லது ஆறரை லிட்டர் பெட்ரோல் கேட்கிறது. ஆகவே ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் கால் பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை சார்ஜ் செய்வது லாபம். அதைத் தாண்டினால் நட்டம். வோல்வோவுக்கும் விகிதம் ஏறத்தாழ இதேதான். வீட்டு இரவுநேரக் கட்டணத்தில் பெரும்பாலான ஊர்களில் இது எளிதாகத் தேறிவிடும். பொதுச் சார்ஜர்களில் தேறாது. பிரிட்டனின் வேகச் சார்ஜர்கள் பலவற்றில் யூனிட் விலை லிட்டர் விலையில் பாதியை எட்டிவிடுகிறது. ஜிஎல்சியின் டிசி வசதியைப் பெரிதாக நினைக்க வேண்டாம் என்று முன்னே சொன்னது இதனால்தான்.

அரசுச் சலுகைகளை நம்பிக் கணக்குப் போடுவதும் இன்று ஆபத்து. லண்டன் நெரிசல் கட்டண விலக்கு ப்ளக்-இன் ஹைப்ரிட்டுகளுக்கு 2021 அக்டோபரில் போய்விட்டது. ஜெர்மனியின் மானியம் 2022 முடிவோடு நின்றது. அமெரிக்காவின் 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்தது. இந்தியாவில் முழு மின்வாகனத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ப்ளக்-இன் ஹைப்ரிட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. லெக்ஸஸ் அங்கே என்எக்ஸை 350எச் வடிவில் விற்பதில் வியப்பில்லை.

டிக்கியும் பழைய வண்டியும்

டிக்கியைத் திறந்து, உங்கள் பெட்டிகளை உண்மையிலேயே உள்ளே வைத்துப் பாருங்கள். சாதாரண ஜிஎல்சியில் 620 லிட்டராக உள்ள இடம் ப்ளக்-இன்னில் 470 ஆகச் சுருங்குகிறது. அதில் சார்ஜ் கேபிளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். லெக்ஸஸ் பேட்டரியைக் கேபின் தரைக்கு அடியில் வைத்திருப்பதால் அங்கே இந்த இழப்பு இல்லை.

பழைய வண்டி வாங்குபவர் திரையில் தெரியும் மின்சாரத் தூரத்தை நம்ப வேண்டாம். அது முந்தைய ஓட்டுநரின் பழக்கத்தை வைத்து வண்டி போடும் ஊகம். தூரம் சுழியமாகும்வரை ஓட்டிவிட்டு, மீட்டர் உள்ள சார்ஜரில் மாட்டி, முழுவதும் நிரம்ப எத்தனை யூனிட் ஏறுகிறது என்று பாருங்கள். 18.8 யூனிட் பேட்டரி கொண்ட வோல்வோவில் பயன்படும் அளவு 14.9; சார்ஜ் இழப்பையும் சேர்த்துப் பதினாறு பதினேழு ஏறினால் பேட்டரி நலமாக இருக்கிறது. பன்னிரண்டிலேயே நின்றுவிட்டால் விலையைப் பேசும் முறை மாற வேண்டும். சார்ஜ் துளையின் ஊசிகள் கருகியிருக்கின்றனவா என்றும் பார்த்துவிட்டு, கடைசியாகக் கேபிளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் நிறுவனங்கள் ஊழியருக்குக் கொடுத்துத் திரும்பி வந்த வண்டிகளில் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருப்பதுண்டு. அத்தகைய வண்டியில் அத்தனை கிலோமீட்டரையும் எஞ்சினே சுமந்திருக்கிறது. பேட்டரியின் ஆயுளைக் கேட்பதற்கு முன்னால் ஆயில் மாற்றிய பதிவுகளைக் கேளுங்கள்.